கடவுச்சொல் கேட்ட இடத்தில் நின்றுபோன ஏஜென்ட்: என் அனுபவம்

பினாங்கு பாயான் லெப்பாஸில் நாங்கள் பராமரிக்கும் சர்வர்களுக்குள் ஏஐ ஏஜென்ட் (தானே கட்டளைகளை இயக்கும் ஏஐ நிரல்) எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழைந்து வேலை செய்ய ஒரு கருவி இருக்கிறது. அதன் கையேடு மனிதர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருந்ததால், கடவுச்சொல் கேட்கும் இடத்தில் ஏஜென்ட் அப்படியே நின்றுவிட்டது. பேட்ச்மோட் அமைப்பை இயக்கினால், கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் சாவிக் கோப்பு பொருந்தாதபோது எஸ்எஸ்எச் எதையும் கேட்காமல் பிழையுடன் வெளியேறும் என்பதைக் கையேட்டின் முதல் வரியாக்கினேன்.

அதைவிட முக்கியமானது எஸ்எஸ்எச் வேலை முடிந்து வெளியேறும்போது வரும் எண். 255 வந்தால் பெரும்பாலும் எஸ்எஸ்எச் இணைப்பிலேயே கோளாறு. வேறு எண் வந்தால் அது சர்வரில் ஓடிய கட்டளை தந்த விடை. இதை எழுதிவைக்கும்வரை, தேடிய சொல் கிடைக்காமல் கிரெப் (கோப்புகளில் சொல்லைத் தேடும் கட்டளை) 1 என்று திருப்பியதைக்கூட இணைப்புக் கோளாறாகக் கொண்டு ஏஜென்ட் மீண்டும் மீண்டும் நுழைய முயன்றது. இப்போது ஒவ்வொரு கட்டளைக்கும் தோல்வியில் வரும் வெளியீட்டையும் மாற்றாமல் கையேட்டில் சேர்த்திருக்கிறேன்.