பனியிலும் உறைந்த ஏரியிலும் ஏடிவி வழுக்காமல் ஓட: டயரில் செய்ய வேண்டியவை

டொராண்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரிக்குக் குளிர்காலத்தில் ஏடிவியோடு (மேடுபள்ளத்திலும் ஓடும் நான்கு சக்கர வண்டி) மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒரே பயணத்தில் இரண்டு விதமான தரை கிடைக்கும். கரையோரம் முழங்கால் அளவுக்குப் பனி குவிந்திருக்கும். ஏரிக்குள் போகப்போகக் காற்று பனியை வாரிக்கொண்டு போய்விட, கீழே கண்ணாடி மாதிரி வெறும் ஐஸ். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. பனியில் வேலை செய்வது காற்றழுத்தமும் டயரின் பட்டனும் (டயர் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகள்). ஐஸில் ரப்பரை நம்பிப் பயனில்லை, இரும்புதான் கடிக்கும். இதைப் பிரித்துப் பார்க்காமல் விலை கூடிய டயர் வாங்கினால் காசுதான் வீண்.

முதலில் காற்று

0 முதல் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை காட்டும் குறை அழுத்தக் கேஜ் ஒன்று கட்டாயம் வேண்டும். கார் டயருக்கு வைத்திருக்கும் கேஜில் 5-க்கும் 8-க்கும் வித்தியாசம் பிடிபடாது. ஏடிவி டயருக்கோ அந்த 3 பிஎஸ்ஐதான் எல்லாமே.

பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுதான்: சூடான கராஜுக்குள் காற்றடித்துவிட்டு வெளியே கிளம்புவது. கேஜ் காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே இருக்கும் பகுதியை மட்டும். 7 பிஎஸ்ஐ என்று காட்டும்போது, வெளிக்காற்றின் 14.7-ம் சேர்ந்து, டயருக்குள் உண்மையில் இருப்பது 21.7 பிஎஸ்ஐ. குளிர் சுருக்குவது அந்த மொத்தத்தையும். அதனால் 20 டிகிரி கராஜில் 7 வைத்த டயர், மைனஸ் 20 டிகிரியில் கிட்டத்தட்ட 4-க்கு இறங்கிவிடும். 'பனிதானே, கொஞ்சம் குறைத்து வைப்போம்' என்று உள்ளேயே 5 வைத்திருந்தால் வெளியே மிஞ்சுவது 2 சொச்சம். அந்த அழுத்தத்தில் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும். உறைந்த ஏரியின் நடுவில் அதை மறுபடி உட்கார வைப்பது பெரும்பாடு.

ஆகவே வண்டியை ஒரு மணி நேரமாவது வெளியே குளிரவிட்டு, அதன் பிறகு அழுத்தத்தைச் சரி செய்யுங்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு உதிரிப் பனிக்குக் கொஞ்சம் அதிகம். அதிலிருந்து ஒன்றரை பிஎஸ்ஐ வரை குறைக்கலாம், ஆனால் குறைந்தபட்சம் என்று ஏதாவது போட்டிருந்தால் அதற்குக் கீழே போகாதீர்கள். இடமும் வலமும் ஒரே அளவில் இருக்கட்டும். ஒரு பிஎஸ்ஐ மாறினாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ரிம்முக்கும் டயருக்கும் நடுவே பனி திணிந்திருந்தால் காற்று ரொம்பவே குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆழமான பட்டன் உள்ள சேற்று டயர் ஈரப் பனியில் நன்றாக இழுக்கும். உதிரிப் பனியில் தோண்டத்தான் செய்யும். வண்டியின் வயிறு பனியில் படிந்து சக்கரம் அந்தரத்தில் சுற்ற ஆரம்பித்தால் எந்த டயரும் காப்பாற்றாது. சுற்றத் தொடங்கியதுமே ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள்.

ஐஸுக்கு ஆணி

ஐஸில் பிடிக்க டயரின் பட்டன்களில் ஆணியாக ஸ்க்ரூ இறக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரணத் தகர ஸ்க்ரூ வேண்டாம், தலை சீக்கிரம் மழுங்கிவிடும். ஐஸ் பந்தயக்காரர்கள் போடும் ஐஸ் ஸ்க்ரூவில் ஆறு பக்கத் தலையின் விளிம்பு உயர்ந்து, நடுவில் வெட்டு விழுந்திருக்கும். அந்த விளிம்புதான் ஐஸைக் கீறிப் பிடிக்கிறது. ஏரியில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இது போதும். போகும் வழியில் கிராவலோ தார் ரோடோ வருமென்றால் கார்பைடு (இரும்பைவிடக் கடினமான பொருள்) முனை வைத்த ஆணிதான் சரி. விலை பல மடங்கு, ஆனால் இரும்பு அங்கே சீக்கிரமே தேய்ந்துவிடும்.

இதில் கவனமாகச் செய்ய வேண்டியது நீளத்தைத் தேர்ந்தெடுப்பது. ஒரு தீக்குச்சியைப் பட்டனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, பட்டனின் உச்சி வரும் இடத்தில் நகத்தால் கீறி அளந்து பாருங்கள். நடுவில் மட்டுமல்ல, இரண்டு ஓரத்திலும் அளக்க வேண்டும். நடுப் பட்டன்தான் முதலில் தேயும். ஸ்க்ரூ உள்ளே இறங்கும் நீளம் பட்டனின் உயரத்தைவிட 2 மி.மீ. குறைவாக இருக்கட்டும். பட்டன் 18 மி.மீ. என்றால் 5/8 அங்குலம், அதாவது 16 மி.மீ. சரியாக வரும். 3/4 அங்குலம் 19 மி.மீ., அது டயரின் உடம்புக்குள் நுழைந்துவிடும். அன்றைக்கே காற்று போகாது என்பதுதான் சங்கடம். குறைந்த அழுத்தத்தில் டயர் நசுங்கி நசுங்கி எழும்போது, கூர்முனை உள்பக்கத்தை மெல்ல மெல்லத் துளைத்து, ஒரு வாரம் கழித்து வேலையைக் காட்டும்.

எண்ணிக்கையைப் பட்டனை எண்ணியே முடிவு செய்யுங்கள். உதாரணமாக, நடுவில் 20 பட்டன், தலைக்கு 2 ஸ்க்ரூ. ஓரங்களில் 40 பட்டன், தலைக்கு 1. ஆக டயருக்கு 80, நான்குக்கும் 320. விழுந்து போவதற்கும் சேர்த்து 350 வாங்கி வையுங்கள்.

டயரை முந்தின இரவே சூடான இடத்தில் வையுங்கள், குளிர்ந்த ரப்பர் கல் மாதிரி இருக்கும். டிரில்லைக் குறைந்த வேகத்திலும், அதன் கிளட்சை (இறுக்கும் விசையைக் கட்டுப்படுத்தும் வளையம்) குறைந்த எண்ணிலும் வைத்து, பட்டனின் நட்டநடுவில் நேராக இறக்குங்கள். சோப்புத் தண்ணீரில் முனையை ஒரு முறை தொட்டுக்கொண்டால் சுலபமாக இறங்கும். தலை ரப்பரில் படிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் ரப்பர் கிழிந்து ஸ்க்ரூ சும்மா சுற்றும். அப்படிச் சுற்றினால் கழற்றிவிட்டுச் சற்றுத் தள்ளிப் போடுங்கள், அதே ஓட்டையில் இனி நிற்காது.

முன் டயரின் ஓரப் பட்டன்களை விட்டுவிடாதீர்கள், திருப்பத்தில் பிடிப்பது அவைதான். நான்கு டயரிலும் போட வேண்டும். பின்னால் மட்டும் போட்டால் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். முன்னால் மட்டும் போட்டால் பிரேக் பிடித்ததும் வால் சுழன்று வரும்.

ஆணி போட்ட பின் காற்றை ஸ்டிக்கர் அளவிலேயே வையுங்கள். தளர்ந்த டயரில் பட்டன் வளைந்து வளைந்து ஆணி ஆட ஆரம்பிக்கும்.

செயின்

பனியை ஒதுக்க முன்னால் பிளேடு மாட்டியவர்களுக்கு டயரைச் சுற்றி மாட்டும் செயின்தான் நல்லது. ஐஸ் என்றால் வி வடிவப் பட்டை பற்றவைத்த செயினையே கேளுங்கள், வழவழப்பான வளையம் ஐஸில் சறுக்கும். மாட்டியதும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸ், ஷாக் அப்சார்பர் இரண்டிலிருந்தும் செயின் ஒரு அங்குலமாவது தள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐஸின் கனம்

இறங்கும் முன் துளை போட்டு அளந்தே ஆக வேண்டும். மின்னசோட்டா மாநில இயற்கை வளத் துறை சிறிய ஏடிவிக்குச் சொல்வது 5 முதல் 7 அங்குலம் தெளிவான ஐஸ். வெள்ளையாக இருந்தால் அதன் வலு பாதிதான், எனவே இரண்டு மடங்கு கனம் வேண்டும். ஒரு இடத்தில் 8 அங்குலம் இருப்பதால் நூறு அடி தள்ளியும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிறகு சேர்த்தது

ஆணி போட்ட பிறகு காற்று இறங்குகிறது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். டயர் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வரும் ஸ்க்ரூவை மட்டும் கழற்றி, அங்கே டியூப்லெஸ் பஞ்சர் திரி போட்டால் போதும். அடுத்து மற்ற ஸ்க்ரூக்களையும் சந்தேகப்படுங்கள், நீளம் தப்பியது ஒன்றில் மட்டும் இருக்காது.

டிரெய்லரில் ஏற்றும்போது அலுமினியச் சாய்வுப் பலகையில் ஆணி வழுக்குகிறது என்றும் கேட்டிருந்தார்கள். உண்மைதான், உலோகம் உலோகத்தைக் கடிக்காது. பழைய ரப்பர் மேட்டைப் பலகை மேல் விரித்து, நகராமல் இரண்டு முனையிலும் கட்டிவிட்டு ஏற்றுங்கள்.