கேர்னலில் சொந்த சிஸ்டம் கோல்: 36 பைட்டைக் கவனியுங்கள்

கோணேசபுரி வளாகத்தில் லினக்ஸ் கேர்னலுக்கு (இயங்குதளத்தின் கரு) புது சிஸ்டம் கோல், அதாவது நிரல்கள் கேர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு, எழுதிப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது. ஒவ்வொரு சிஸ்டம் கோலுக்கும் ஓர் எண் உண்டு. எக்ஸ்86 செயலிகளுக்கான எண் அட்டவணையில் 512 முதல் 547 வரை தொடவேண்டாம். அவை எக்ஸ்32 முறைக்கு (64 பிட் செயலியில் 32 பிட் முகவரிகளோடு நிரல் ஓட்டும் முறை) ஒதுக்கியவை. அட்டவணையில் 'கொமன்' (பொது) என்று குறித்த கடைசி எண்ணுக்கு அடுத்ததை எடுங்கள்.

பயனர் நிரல் தரும் சுட்டியை (நினைவக முகவரி) கேர்னலுக்குள் நேரடியாக வாசிக்கவே கூடாது. அங்கிருந்து சொல்லைக் கொப்பி பண்ண 'ஸ்ட்ரென்கொப்பி_ஃப்ரொம்_யூசர்' என்ற செயற்கூறு இருக்கிறது, அதிலும் ஒரு குழி உண்டு. 'திருக்கோணமலை' என்ற சொல் யூடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் 36 பைட், சொல் முடிந்ததைக் காட்டும் முடிவுப் பூச்சியத்தோடு 37. உங்கள் பஃபர் (சொல்லை வாங்கி வைக்கும் இடம்) 32 பைட் என்றால், அந்தச் செயற்கூறு 32 என்று திருப்பித் தரும், முடிவுப் பூச்சியம் போடாது. அப்படியே கேர்னல் லொக்கில் எழுதும் 'பிரின்ட்கே'க்குக் கொடுத்தால் பக்கத்து நினைவகக் குப்பையும் லொக்கில் வந்து விழும். திரும்பிய எண் பஃபர் அளவுக்குச் சமமா? உடனே பிழை காட்டி வெளியேறுங்கள்.

கேர்னலைக் கட்ட உபுண்டுவின் கொன்ஃபிக்கை (அமைப்புக் கோப்பு) கொப்பி பண்ணினால், சான்றிதழ்க் கோப்பு இல்லையென்று, கட்டும் கட்டளையான 'மேக்' நின்றுவிடும். கொன்ஃபிக்கில் நம்பகச் சாவி, ரத்துச் சாவி வரிகள் இரண்டின் மதிப்பையும் உள்ளே ஒன்றுமில்லாத வெறும் மேற்கோள்குறிகளாக்குங்கள். இடையில் கரண்ட் போனால், கட்டியதையெல்லாம் அழிக்கும் 'மேக் கிளீன்' அடிக்காதீர்கள். மறுபடி 'மேக்' கொடுத்தால் மிச்சத்தை மட்டும் கட்டும்.

சோதிக்கும்போது 38ஆம் பிழை (அப்படியொரு சிஸ்டம் கோல் இல்லை) வந்தால் பெரும்பாலும் பழைய கேர்னலில்தான் பூட் ஆகியிருக்கும். முதலில் 'யுநேம் -ஆர்' அடித்து எந்தக் கேர்னல் ஓடுகிறது என்று பாருங்கள்.