அக்கார்டியனில் வேல்ஸ் அணிநடை: இடது கைக்கு ஒரு குறிப்பு

வேல்ஸின் டும்பாத் என்ற நாட்டுப்புறக் கூட்டு நடனத்துக்கு வாசிக்கப் போகிறீர்களா? ‘ஹார்லெக் வீரர்களின் அணிநடை’ (Men of Harlech) என்ற மெட்டில் தொடங்குங்கள். 1794இல் வேல்ஸ் ஹார்ப் கலைஞர் எட்வர்ட் ஜோன்ஸ் அச்சிட்டபோது அது வரிகளே இல்லாத மெட்டு. வாத்தியத்துக்கு அவ்வளவு பொருத்தம்.

பலரும் வலது கையிலேயே முழுக் கவனத்தையும் வைக்கிறார்கள். ஆடுபவர்களின் கால் கேட்பதோ இடது கையைத்தான். முதல் தட்டுக்கு ஜி பேஸ் (ஒற்றைத் தாழ்சுரப் பொத்தான்), இரண்டாவதுக்கு ஜி கார்டு (பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பொத்தான்), மூன்றாவதுக்கு முகவாய்ப் பக்கம் அடுத்திருக்கும் டி பேஸ், நான்காவதுக்கு மறுபடி ஜி கார்டு. பொத்தானை அமுக்கியே வைக்காதீர்கள். சூடான தோசைக்கல்லைத் தொட்டதுபோல் சட்டென்று விரலை எடுங்கள். அந்தச் சின்ன இடைவெளியில்தான் கால் எழும்பும். அப்புறம், துருத்தியை விரிப்பதிலிருந்து சுருக்குவதற்கோ, சுருக்குவதிலிருந்து விரிப்பதற்கோ இசைத்தொடர் முடிகிற இடத்தில் மட்டும் மாற்றுங்கள். வேகம் நிமிடத்துக்கு 110 தட்டு இருந்தால் போதும்.