கட்டுநாயக்கவில் இறங்கிக் கடற்கரைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகை வாசலில் இரவு ஒரு மணிக்கு நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி, பயணிகளை ஏற்றிப்போகும் சாரதித் தொழிலுக்குப் புதியவர். பெயர் எழுதிய மட்டையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு கைபேசியில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் கூட்டிப்போக வந்த குடும்பம் முந்தின இரவே இறங்கி, ஒரு மணி நேரம் தேடிப் பார்த்துவிட்டு, கிடைத்த வண்டியில் ஏறிப் போய்விட்டதாம். இதே வாசலில் இதே தவறைச் செய்துவிட்டு நானும் ஒரு காலத்தில் நின்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் நீர்கொழும்பில் இருக்கிறேன். முதலில் சொந்த வான் ஓட்டினேன். இப்போது ஆறேழு சாரதிகளோடு சேர்ந்து வாகன ஒழுங்கு செய்து கொடுக்கிறேன். சென்னை, திருச்சியிலிருந்து வருகிறவர்கள், லண்டன், டொரொன்டோவிலிருந்து வரும் நம்முடைய ஆட்கள் என்று பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். கடவுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், பேரம் பேசுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஊர்ப் பெயரை வாயால் மட்டும் சொல்வது

கல்கிசை கொழும்பின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. கல்குடா மட்டக்களப்பு மாவட்டத்தில், பாசிக்குடாவுக்குப் பக்கத்தில். களுத்துறை தென்மேற்கில், கற்பிட்டி வடமேற்கில். நான்கிலும் கடற்கரை உண்டு, நான்கிலும் ஹோட்டல் உண்டு. விட்டு விட்டுக் கேட்கும் தொலைபேசியில் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். ஒருமுறை 'கல்குடா' என்று சொன்னவருக்குக் கல்கிசைக் கட்டணத்தைச் சொல்லிவிட்டேன். அவரும் இலங்கை மலிவு என்று சந்தோஷமாகச் சரி சொல்லிவிட்டார். அவர் வருவதற்கு முதல் நாள் மாலை ஹோட்டல் பெயரைக் கேட்டபோதுதான் எனக்குத் தலை சுற்றியது. ஒன்று ஒன்றரை மணி நேர ஓட்டம், மற்றது ஆறு மணி நேரம்.

ஹோட்டலின் கூகுள் வரைபட இணைப்பை அனுப்புங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்களில் ஹோட்டல் நடத்துகிறவர்களும் இருப்பதால், பெயரை மட்டும் அனுப்பினால் போதாது.

எந்த வீதியால் போகிறோம் என்று கேட்காமல் விடுவது

தெற்கே போகிறவர்களுக்கு இது முக்கியம். விமான நிலைய அதிவேக வீதி 2013இல் திறந்தது. கொட்டாவயிலிருந்து காலிக்குப் போகும் தெற்கு அதிவேக வீதி அதற்கு முன்பே, 2011இல் வந்துவிட்டது. ஆனால் இரண்டையும் இணைக்கும் வெளிச்சுற்று வீதியின் கடைசித் துண்டு, கெரவலப்பிட்டியிலிருந்து கடவத்தை வரை, 2019 நவம்பரில்தான் முடிந்தது. அதுவரை கொழும்பு நெரிசலுக்குள் நுழைந்துதான் வெளியே வர வேண்டும். இப்போது கொழும்பைத் தொடாமலே காலிக்கு இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். மிரிஸ்ஸவுக்கு இன்னும் அரை மணி நேரம்.

ஹைவேக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் சாரதி பழைய காலி வீதியால் கூட்டிப்போவார். கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்பார். பார்க்கலாம்தான், ஆனால் மாலை நேரத்தில் மொறட்டுவை, பாணந்துறையைத் தாண்டுவதற்குள்ளேயே பிள்ளைகள் அழத் தொடங்கிவிடுவார்கள். 'ஹைவேயாலா, அதிலிருந்து எந்த இடத்தில் வெளியே இறங்குவீர்கள்?' என்று கேளுங்கள். பெந்தோட்டைக்கு என்றால் வெலிப்பென்ன, காலிக்கோ உனவட்டுனவுக்கோ என்றால் பின்னதூவ என்று உடனே பதில் வர வேண்டும்.

கிழக்கே, நிலாவெளிக்கோ பாசிக்குடாவுக்கோ போகிறவர்கள் தெற்குக் கணக்கை அங்கே போடக் கூடாது. குருநாகல், தம்புள்ளை, ஹபரணை என்று ஊர் ஊராகப் போகும் சாதாரண வீதி அது. நிலாவெளி சுமார் 250 கிலோமீற்றர்தான், ஆனால் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவைத் தாண்டும் திகதி

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருவது இதற்குத்தான்.

கட்டுநாயக்கவுக்கு வரும் விமானங்களில் நிறைய நள்ளிரவுக்கும் விடிகாலைக்கும் இடையில் இறங்குகின்றன. 14ஆம் திகதி இரவு பதினொன்றேகாலுக்குச் சென்னையில் ஏறுகிறீர்கள், 00.35க்கு இங்கே இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 15ஆம் திகதி. டிக்கெட்டிலும் 15 என்றே இருக்கும். இதை மூன்று பேர் மூன்று விதமாக எனக்கு எழுதுவார்கள். '14 இரவு வருகிறோம்' என்பார் ஒருவர். '15 இரவு 12.35' என்பார் இன்னொருவர். '15 காலை 12.35' என்பார் மூன்றாமவர். மூன்றும் ஒரே விமானம்தான். ஆனால் இரண்டாவதைப் படிக்கும் சாரதி 15ஆம் திகதி முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு, அன்றிரவு படுக்கப் போகாமல் உங்களுக்காகப் புறப்படுவார். நீங்கள் அதற்கு இருபத்து நான்கு மணி நேரம் முன்பே இறங்கியிருப்பீர்கள்.

இது கவனக்குறைவு மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். நமக்கு விடிந்தால்தான் மறுநாள். பஞ்சாங்கத்திலும் நாள் சூரிய உதயத்தில்தான் தொடங்குகிறது. அம்மா செவ்வாய்க்கிழமை இரவு என்று சொன்னால், அது புதன் விடியும் வரைக்கும் செவ்வாய்தான். விமானக் கம்பனிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. பன்னிரண்டு அடித்ததும் அவர்களுக்குத் திகதி மாறிவிடும்.

நான் மாட்டிக்கொண்டது இப்படித்தான். தொழில் தொடங்கி இரண்டாம் வருடம். திருச்சியிலிருந்து ஒரு குடும்பம், பெரியவர்கள் நான்கு பேர், இரண்டு பிள்ளைகள், சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி. நிலாவெளியில் நான்கு இரவு. எனது கொப்பியில் திகதிக்கு நேரே 'இரவு 12.50' என்று எழுதி வைத்திருந்தேன். அதற்கு முந்தின இரவு ஒன்றரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. 'அண்ணா, வெளியே வந்துட்டோம், எந்தப் பக்கம் நிக்கிறீங்க?' நான் படுக்கையில் இருந்தேன். வானில் பின் இருக்கைகள் கழற்றிக் கிடந்தன, அன்று மீன் பெட்டி ஏற்றிப் போனதால். கழுவவும் இல்லை. நண்பர் ஒருவரை எழுப்பி, அவருடைய வானை எடுத்துக்கொண்டு போய்ச் சேர மூன்று மணி. பாட்டி தூணோரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் சின்னப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பாட்டி என்னைத் திட்டவில்லை. 'தண்ணி இருக்காப்பா' என்று மட்டும் கேட்டார். வாங்கிக்கொண்டு வர எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அதோடு முடியவில்லை. காலை ஒன்பதரைக்கு நிலாவெளி போனால், அறை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் என்றார்கள். குடும்பம் அறையைப் பதிந்திருந்தது இறங்கிய திகதியிலிருந்து. விடிகாலையில் இறங்கி நேரே போகிறவர்கள் போனதும் படுக்க வேண்டுமென்றால், முந்தின இரவையும் சேர்த்துப் பதிய வேண்டும். பதிந்தாலும் போதாது, 'நாங்கள் மறுநாள் காலைதான் வருவோம்' என்று ஹோட்டலுக்கு எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் முதல் இரவு வராத ஆட்கள் என்று முழுப் பதிவையும் இரத்துச் செய்துவிடுகிற இடங்கள் உண்டு. காசும் திரும்பாது. அப்படி நான்கு இரவுக் காசையும் இழந்தவர்களை ஏற்றிப் போயிருக்கிறேன். ஒரு திகதி பிசகினால் வண்டி, அறை, அடுத்த நாள் பயணம் மூன்றும் சேர்ந்து பிசகும். வண்டிக் கட்டணத்தில் மூவாயிரம் குறைக்க ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள், திகதியைச் சரிபார்க்க ஒரு நிமிடம் செலவழிக்க மாட்டேன் என்கிறார்களே என்பதுதான் என் ஆத்திரம்.

இப்போது நான் யாரிடமும் நேரத்தைக் கேட்பதில்லை. டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். பிறகு நானே எழுதி அனுப்புகிறேன்: '14 முடிந்து 15 பிறக்கும் இரவு, 00.35. சாரதி 14ஆம் திகதி இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு வீட்டிலிருந்து புறப்படுவார். சரியா?' சாரதி எப்போது சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவார் என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. உங்கள் பக்கத்திலிருந்து இப்படி ஒரு வரி எழுதி, அதற்குப் பதில் வாங்கி வையுங்கள்.

விமான இலக்கமும் கட்டாயம் கொடுங்கள். தாமதமானால் சாரதி அதை வைத்துத்தான் பார்ப்பார். இறங்குகிற நேரமும் வெளியே வருகிற நேரமும் வேறு. குடிவரவு வரிசை, பெட்டி, சிம் அட்டை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகும், இரண்டு மூன்று விமானம் ஒன்றாக இறங்கினால் அதற்கு மேலும்.

தூங்காத சாரதியோடு கிழக்கே புறப்படுவது

ஒரு மணிக்கு இறங்கினால் உடனே புறப்பட்டு, விடியும்போது கடலில் கால் நனைக்கலாம் என்று கணக்குப் போடுவீர்கள். நானும் அந்தப் பாட்டியின் குடும்பத்தை அப்படித்தான் கூட்டிப்போனேன். நண்பரைப் பாதித் தூக்கத்தில் எழுப்பி ஓட வைத்ததை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. தம்புள்ளைக்கு முன்னால் இரண்டு முறை ஓரமாக நிறுத்தி முகம் கழுவினார்.

ஹபரணையைத் தாண்டினால் காடு. இருட்டில் யானை வீதியைக் கடக்கும், வீதியிலேயே நிற்கவும் செய்யும். விளக்கு வெளிச்சத்தில் தாரும் யானையின் தோலும் ஒரே நிறம். கிட்டப் போகும் வரை தெரியாது.

'இன்றைக்குப் பகல் ஓடினீர்களா?' என்று சாரதியிடம் நேரே கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். கிழக்கே போகிறவர்கள் முதல் இரவு நீர்கொழும்பில் தங்குங்கள். விமான நிலையத்திலிருந்து இருபது முப்பது நிமிடம்தான். ஆறு மணி வரை தூங்கி, சாப்பிட்டுப் புறப்பட்டால் வெளிச்சத்திலேயே ஹபரணையைக் கடந்து, அறை கிடைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம். தெற்கே போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. இரவிலும் அதிவேக வீதி திறந்திருக்கும். சாரதி தூங்கியிருக்க வேண்டும் என்பது மட்டும் அங்கேயும் மாறாது.

ஆட்களை எண்ணி வண்டி பிடிப்பது

பெட்டிகளை எண்ணுங்கள். வாடகை வண்டிச் செயலியில் வருகிற சின்ன வகன் ஆர் காரில் நான்கு பேர் ஏறலாம், ஆனால் பின்னால் ஒரு பெரிய பெட்டியோடு இடம் முடிந்துவிடும். டொரொன்டோவிலிருந்து வருகிற நான்கு பேரிடம் எட்டுப் பெட்டி இருக்கும், அதற்குக் கேடிஎச் என்கிற பெரிய வான்தான் சரி. சக்கர நாற்காலி, சர்ஃப் பலகை இருந்தால் முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓட்டோவில் காலிக்குப் போகலாம் என்று நினைப்பது

அதிவேக வீதிகளில் ஓட்டோவுக்கு அனுமதி இல்லை. நீர்கொழும்பு வரை போங்கள்.

'எல்லாம் சேர்த்துத்தானே?' என்று கேட்காதது

ஹைவே காசு, வாகனத் தரிப்பிடக் காசு, விமானம் தாமதமானால் காத்திருக்கும் காசு, சாரதி இரவு தங்க நேர்ந்தால் அவருடைய அறையும் சாப்பாடும். இந்த நான்கையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'எல்லாம் சேர்த்து' என்று பொதுவாகக் கேட்டால் 'ஆமாம்' என்றுதான் பதில் வரும், பிறகு வழியில் சுங்கச் சாவடியில் வண்டி நின்றதும் சாரதி உங்களைத் திரும்பிப் பார்ப்பார். இலங்கை ரூபாயில் தொகையையும் எழுதி வாங்குங்கள். டொலரில் பேசி ரூபாயில் கொடுக்கும்போது எந்த மாற்று விகிதம் என்று கடற்கரையில் நின்று வாதாட வேண்டி வரும்.

முழுக் காசையும் முன்பே அனுப்புவது

வேண்டாம். நான் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

திரும்பும் நாளில் அதே தவறு

வரும்போது திகதியில் தப்பியவர்கள் போகும்போது மாட்டுவார்கள். விமானம் 22ஆம் திகதி 00.50 என்றால், மிரிஸ்ஸ ஹோட்டலில் 22 காலை வரை அறை எடுத்து, 22 மாலைக்கு வண்டி கேட்பார்கள். அந்த விமானம் அதற்குள் போய், இறங்கி, திரும்பியும் வந்திருக்கும். மூன்று மணி நேரம் முன்பே விமான நிலையத்தில் நிற்க வேண்டும், வீதியில் மூன்று மணி நேரம். போயா என்கிற பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்த ஞாயிறு என்றால் கொழும்புக்குத் திரும்புகிற கூட்டமும் அதே வீதியில்தான் வரும், அதற்கு இன்னும் ஒரு மணி நேரம் சேருங்கள். ஆக 21ஆம் திகதி மாலை ஐந்தரைக்கு வண்டி ஹோட்டல் வாசலில் நிற்க வேண்டும். அறையை அன்று மாலை வரை வைத்துக்கொள்ளலாமா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். உப்புத் தண்ணீரோடு விமானம் ஏற யாருக்கும் பிடிக்காது.