மின்தடையும் வாட்டும் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்னழுத்தத்தை (வோல்ட்) மின்னோட்டத்தால் (ஆம்பியர்) வகுத்தால் மின்தடை (ஓம்). இரண்டையும் பெருக்கினால் மின்திறன் (வாட்). கணக்கு இவ்வளவுதான். ஆனாலும் விடை தப்பாக வந்துகொண்டே இருக்கிறது. நான் பார்த்தவரை, வகுப்பதிலோ பெருக்குவதிலோ யாரும் அதிகம் சறுக்குவதில்லை. எந்த வோல்ட், எந்த ஆம்பியர் என்று பார்க்காமல் கைக்குக் கிடைத்த எண்ணைப் போட்டுவிடுவதுதான் சிக்கல். எடுக்கும் இரண்டு எண்களும் ஒரே பாகத்தினுடையதாகவும், ஒரே நேரத்தில் அளந்ததாகவும் இருக்க வேண்டும்.

ஓர் எல்இடியை எடுத்துக்கொள்வோம். 9 வோல்ட் பேட்டரி, ஒரு சிவப்பு எல்இடி, அதற்கு 20 மில்லி ஆம்பியர் போக வேண்டும். தொடரில் எத்தனை ஓம் ரெசிஸ்டர் (மின்தடை தரும் பாகம்) போடுவது? புதிதாகப் படிப்பவர்கள் பலர் 9-ஐ 20-ஆல் வகுத்து 0.45 ஓம் என்பார்கள். அதை நம்பி இணைத்தால் எல்இடி ஒரு நொடியில் போய்விடும். 20 மில்லி ஆம்பியர் என்பது 0.02 ஆம்பியர். சரி, அதைத் திருத்தினால் 450 ஓம் வருகிறது. இதுவும் சரியான விடை இல்லை. ஏனென்றால் 9 வோல்ட் முழுவதும் ரெசிஸ்டரின் மேல் விழுவதில்லை. சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். ரெசிஸ்டரின் பங்கு 7 வோல்ட்தான். 7-ஐ 0.02-ஆல் வகுத்தால் 350 ஓம். அந்த மதிப்பில் கிடைக்காவிட்டால் 360 ஓம் போடலாம்.

திறனையும் இதே கவனத்தோடு போட வேண்டும். ரெசிஸ்டரில் வெப்பமாகிறது 7 × 0.02, அதாவது 0.14 வாட். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். எல்இடிக்குப் போவது 2 × 0.02, அதாவது 0.04 வாட். இரண்டையும் கூட்டினால் 0.18. பேட்டரி தருவதும் 9 × 0.02, அதே 0.18 வாட். இப்படிக் கூட்டிச் சரிபார்க்கும் பழக்கம் எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. கூட்டுத்தொகை இடித்தால் எங்கோ வேறொரு பாகத்தின் வோல்ட்டை எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

மில்லியை மாற்றாமலே கணக்குப் போடவும் வழி உண்டு. வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை கிலோ ஓமில் வரும்; பெருக்கினால் மில்லி வாட்டில் வரும். ஆனால் மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கித் திறன் காணும் சூத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள். அங்கே 'மில்லி'யும் சேர்ந்து வர்க்கமாகிவிடும். 20 × 20 × 350 என்று போட்டால் வரும் 1,40,000 மில்லி வாட் அல்ல, மைக்ரோ வாட்.

ரெசிஸ்டருக்கு ஓம் மட்டும் பார்த்து வாங்குவது இன்னொரு தவறு. நானும் ஒருமுறை 100 ஓம், கால் வாட் ரெசிஸ்டரை நேராக 12 வோல்ட்டில் கொடுத்தேன். ஓடுவது 0.12 ஆம்பியர்தானே என்ற எண்ணம். திறன் 1.44 வாட், அது தாங்கக்கூடியதைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு. முதலில் நாற்றம் வந்தது, அப்புறம் மேல்பூச்சு கறுத்து, நிறப் பட்டைகளே தெரியாமல் போயின.

'ஒரே நேரம்' என்று ஏன் சொன்னேன் என்பதற்கு பழைய குண்டு பல்ப்தான் நல்ல சாட்சி. 230 வோல்ட், 60 வாட் என்று அச்சிட்ட பல்புக்கு, வோல்ட்டின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் சுமார் 880 ஓம். அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் (வோல்ட், ஆம்பியர், ஓம் அளக்கும் கருவி) பார்த்தால் ஓம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் போகலாம். மீட்டரும் பழுதில்லை, கணக்கும் பொய்யில்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகிறது. சூடேற ஏற மின்தடையும் ஏறுகிறது. குளிர்ந்த இழையின் ஓமை வைத்துத் திறனைப் போட்டால் 60 வாட் பல்ப் பல நூறு வாட் இழுப்பதாக வரும். சுவிட்சைப் போடும் அந்தக் கணத்தில் மட்டும் அது உண்மைதான். இப்படிப்பட்ட பல்புகள் போடும்போதே 'பட்'டென்று போவது அதனால்தான். ஜெர்மானிய இயற்பியலாளர் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியில் மின்தடை மாறாதிருப்பது, வெப்பநிலை மாறாதவரைதான்.

பேட்டரியிலும் இதே கதை. சும்மா இருக்கும்போது வோல்ட்டை அளந்து, சுமையை இணைத்தபின் ஆம்பியரை அளந்து இரண்டையும் பெருக்கக் கூடாது. சுமை ஏறியதும் வோல்ட் இறங்கியிருக்கும்.

வோல்ட் பாதியானால் வாட்டும் பாதி என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 230 வோல்ட்டில் 1,000 வாட் தரும் ஹீட்டருக்கு 115 வோல்ட் கொடுத்தால் கிடைப்பது சுமார் 250 வாட். வோல்ட் பாதியாகும்போது ஆம்பியரும் பாதியாகிவிடுகிறது.

மோட்டார் உள்ள சாதனங்களில் 230 வோல்ட்டையும் 0.5 ஆம்பியரையும் பெருக்கி 115 வாட் என்று முடித்துவிடாதீர்கள். அது வோல்ட் ஆம்பியர். திறன் காரணி (அந்த வோல்ட் ஆம்பியரில் உண்மையான வாட்டாகும் பங்கு) 0.8 என்றால் உண்மையான திறன் 92 வாட். வகுத்தால் வரும் 460 ஓமும் வெறும் மின்தடை இல்லை. சுருளின் காந்த விளைவும் அதில் கலந்திருக்கிறது.

கடைசியாக, அளக்கும் இடம். மின்சாரம் ஓடும்போது ஓம் அளக்காதீர்கள். மல்டிமீட்டரில் ஆம்பியர் அளந்து முடித்ததும் அதன் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால், மீட்டர் கிட்டத்தட்ட வெறும் கம்பி மாதிரி ஆகி ஷார்ட் ஆகிவிடும். பியூஸ் போனால் பியூஸோடு போயிற்று. பியூஸ் இல்லாத துளையாக இருந்தால் மீட்டரே போகும், பெரிய பேட்டரியாக இருந்தால் கையும் சுடும்.