தலைகுந்தா உறைபனியை நம்பி அண்டார்டிகாவுக்குப் பெட்டி கட்டாதீர்கள்

டிசம்பர் பிறந்து ஊட்டிக்குப் பக்கத்துத் தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாகிப் போட்டோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்ததும், யாராவது ஒரு கல்லூரிப் பையன் என்னிடம் கேட்டுவிடுவான்: "அண்ணா, அண்டார்டிகா போறதுக்கு என்ன படிக்கணும்? குளிர் நமக்குப் பழக்கம்தானே?" அந்த இரண்டாவது வரியிலேயே முதல் தவறு வந்துவிடுகிறது. ஊட்டி உறைபனி என்பது விடிகாலையில் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே இறங்கி, வெயில் ஏறியதும் கரைந்துபோகிற சமாசாரம், ஒன்பது மணிக்கு நாம் டீக்கடை வாசலில் குல்லாவைக் கழற்றிக்கொண்டிருப்போம். அண்டார்டிகாவின் வஸ்தோக் நிலையத்தில் 1983 ஜூலையில் மைனஸ் 89.2 டிகிரி பதிவானது. நம் நாட்டு நிலையங்களான மைத்ரியிலும் பாரதியிலும் அவ்வளவு கிடையாது. ஆனால் அங்கே ஆளைச் சோதிப்பது குளிர் மட்டும் இல்லை. மைத்ரியில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியனே எழாது, குளிர்காலம் முழுக்க அதே இருபது, இருபத்தைந்து முகங்கள்தான். குளிருக்காவது உடுப்புக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் போகிறவர்களுக்கு உடல் பரிசோதனையோடு மனநலப் பரிசோதனையும் நடக்கிறது, அப்புறம் உத்தரகாண்டின் ஔலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையிடம் பனிப் பயிற்சி. ஊட்டிக்காரன் என்பதற்குத் தனி மார்க் எங்கும் கிடையாது.

அடுத்தது "போலார் சயின்ஸ் கோர்ஸ் எந்தக் காலேஜ்ல இருக்கு?" என்று தேடுவது. பட்டத்தின் பெயரில் துருவம் என்ற சொல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அங்கே போகிறவர்கள் புவியியலாளர்கள், இயற்பியல்காரர்கள், வேதியியல், கடலியல், நுண்ணுயிரியல் படித்தவர்கள், அவரவர் பாடத்தைப் பனிக்கட்டிக்குக் கொண்டுபோகிறார்கள், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஏதோ ஆன்லைன் சான்றிதழுக்கு அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வந்து நின்றான். அந்தச் சான்றிதழை எந்த நேர்முகத்திலும் யாரும் கேட்கவில்லை, கேட்டதெல்லாம் அவனுடைய எம்.எஸ்ஸி. இயற்பியலில் இருந்துதான். கோவாவின் வாஸ்கோவில் இருக்கும் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் அறிவிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் இதே வகைத் தவறு. பயணத்தை நடத்துவது அவர்கள்தான், ஆனால் மைத்ரியில் வானிலையைக் கவனிப்பது இந்திய வானிலை ஆய்வுத் துறை, காந்தப்புலத்தை அளப்பது நவி மும்பையில் இருக்கும் இந்திய புவிகாந்தவியல் நிறுவனம், பாறைக்கு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம். ஒரு வாசலில் மட்டும் நின்றால் மற்ற மூன்றும் கண்ணில் படாது.

எனக்கு உண்மையில் ஆதங்கம் தருவது வேறொன்று. நம் காலடியில் இருப்பதை விட்டுவிட்டு பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் பார்க்கிறோம். ஊட்டியிலிருந்து பைக்காரா போகும் வழியில் சாண்டிநல்லா இருக்கிறதே, அந்தப் பக்கத்துச் சதுப்புகளில் செடிகொடிகள் சரியாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்த கருப்பு மண் உண்டு, பீட் என்பார்கள். சுகுமார், ரமேஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நீலகிரி பீட்டை எடுத்து அதிலிருக்கும் கார்பன்-13 (கார்பனிலேயே கொஞ்சம் கனமான வகை) அளவைப் பார்த்து 1993இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வறண்ட காலத்தில் தழைக்கும் புல் வகைகளும் ஈரம் நிறைந்த காலத்தில் வளரும் செடிகளும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு, அதனால் மண்ணில் விட்டுப்போகிற கார்பன்-13 விகிதமும் வேறு. அதை அடுக்கு வாரியாக அளந்தால் எந்தக் காலத்தில் மழை பெய்தது, எப்போது காய்ந்தது என்று சொல்லிவிடலாம். துருவப் பனி உச்சத்தில் இருந்த சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் நம் மலை வறண்டு கிடந்தது என்று அந்த மண் சொன்னது. அண்டார்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் துளைத்தெடுத்த பனித்தண்டு 8 லட்சம் ஆண்டுக் காற்றைக் குமிழிகளில் அடைத்து வைத்திருக்கிறது. பழைய காலத்துத் தட்பவெப்பம் எப்படி இருந்தது என்ற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான், ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட வகைகள்) விகிதத்தை அளக்கும் கருவியும் ஏறக்குறைய ஒரே குடும்பம். எம்.எஸ்ஸி. புராஜெக்டாக நல்ல வழிகாட்டியிடம் பீட்டில் வேலை செய்த ஒருவர் பனித்தண்டு ஆய்வகத்தின் கதவைத் தட்டினால் பேசுவதற்கு அவரிடம் விஷயம் இருக்கும். (வனத்துறை அனுமதி இல்லாமல் சதுப்பில் ஒரு குச்சியைக்கூடக் குத்தாதீர்கள், அது தனித் தவறு.)

கொடைக்கானல்காரர்களுக்கும் இதேதான். 1899இல் அமைந்த சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கும் மேலான சூரியப் படங்கள் இருக்கின்றன, சூரியப் புயல் பூமியில் முதலில் ஆட்டிப் பார்ப்பது துருவத்து வானத்தைத்தான். ஊட்டியில், விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதிப் பிறக்கும் மியூவான் என்ற துகள்களை எண்ணும் கிரேப்ஸ்-3 தொலைநோக்கி 2015 ஜூன் 22 அன்று ஒரு சூரியப் புயல் பூமியின் காந்தக் கவசத்தைத் தளர்த்தியதைப் பதிவு செய்தது. பள்ளிச் சுற்றுலாவில் இவற்றின் வாசலில் செல்ஃபி எடுத்துவிட்டு அடுத்து போட் ஹவுஸ் போகிறோம்.

சரி, போவதுதான் வேலை என்று நினைப்பதும் தவறு. கோடைப் பயணம் என்பது நவம்பரிலிருந்து மார்ச் வரை, அதிலும் கப்பலுக்கும் புயலுக்கும் காத்திருக்கும் நாட்கள் நிறைய. மீதி மாதங்கள் தரவும் கணினியும்தான். தனிமாணவராக விண்ணப்பம் போட்டு உள்ளே நுழைய வழி கிடையாது, நிறுவனம் மூலமாக ஏற்கப்பட்ட ஆய்வுத் திட்டத்தில் இருக்கும் வழிகாட்டியிடம் சேர்ந்தால்தான் பயணத்தில் இடம் வர வாய்ப்பு. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. கடல்பனியின் பரப்பு 1979 முதல் செயற்கைக்கோள் தரவாக இலவசமாகவே கிடைக்கிறது, கோத்தகிரியில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு வரைபடம் போட்டுப் பார்க்கலாம். "அண்டார்டிகா இல்லைன்னா வேண்டாம்" என்று இமயமலையை ஒதுக்குகிறவர்களும் உண்டு. இமாசலத்தின் சந்திரா பள்ளத்தாக்கில் 4,000 மீட்டருக்கு மேல் ஹிமான்ஷ் நிலையம் 2016 முதல் இருக்கிறது, பனியாறு அளக்கக் கற்றுக்கொள்ள நல்ல இடம்.

பேராசிரியர்களுக்கு எழுதும் மெயில் பற்றி ஒன்றே ஒன்று. இருபது பேருக்கு ஒரே கடிதம் அனுப்பாதீர்கள், யாருக்கும் தெரியாது என்று நினைக்கிறீர்கள், எல்லாருக்கும் தெரிகிறது. ஒருவருடைய ஒரு கட்டுரையைப் படித்து அதில் ஒரு கேள்வி கேளுங்கள், மேலே சொன்ன வரைபடத்தை இணையுங்கள்.

"நான் ஐ.டி.ஐ.தான், எனக்கெல்லாம் ஏது?" என்பவர்கள் தவறான இடத்தில் விட்டுக்கொடுக்கிறார்கள். நிலையம் ஓடுவது டீசல் ஜெனரேட்டரில், பனியில் ஓடும் பிஸ்டென்புல்லி என்ற சங்கிலிச் சக்கர வண்டி பழுதானால் கம்பெனி சர்வீஸ் சென்டர் வராது. வண்டி மெக்கானிக், வெல்டர், எலக்ட்ரீஷியன், கிரேன் ஓட்டுநர், சமையல்காரர், செவிலியர், டாக்டர் எல்லாருக்கும் ஒப்பந்த அடிப்படையில் அறிவிப்பு வரும். கூடலூர் மலைப்பாதையில் ஜீப்பை வைத்துக்கொண்டு பாதி ராத்திரியில் சமாளிக்கிற மெக்கானிக்குக்கு இருக்கும் கை, நிறையப் பேருக்கு இல்லை.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்கும் அத்தைகளிடமும், "வயசாயிடுச்சு" என்பவர்களிடமும் நான் மங்களா மணியைச் சொல்வேன். இஸ்ரோவில் வேலை பார்த்த அவர் 56 வயதில் பாரதி நிலையத்தில் 403 நாள் இருந்து திரும்பினார், அந்தக் குளிர்காலக் குழுவில் ஒரே பெண்.

ஆர்க்டிக் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. நம் ஹிமாத்ரி நிலையம் இருக்கும் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு விசா வேண்டாம் என்று படித்துவிட்டு டிக்கெட் போடுகிறார்கள். தீவுக்கு வேண்டாம்தான், ஆனால் நார்வே வழியாகத்தான் விமானம், அதற்கு ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) விசா வேண்டும். ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு வெளியே என்பதால் திரும்பி வரும்போது மறுபடி உள்ளே நுழைகிறீர்கள், ஒருமுறை நுழைவு விசா எடுத்திருந்தால் வடதுருவத்துக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

கடைசியாக, உடம்பில் இருக்கிற எதையும் பரிசோதனையில் மறைக்காதீர்கள். மைத்ரிக்குச் சில கிலோமீட்டர் தள்ளி நோவோலாசரேவ்ஸ்கயா என்ற ரஷ்ய நிலையம் இருக்கிறது. 1961இல் அங்கே இருந்த ஒரே டாக்டரான லியோனித் ரோகோசோவுக்குக் குடல்வால் அழற்சி வந்தது, வேறு ஆள் இல்லாததால் தன் வயிற்றைத் தானே அறுத்து அறுவை செய்துகொண்டார், பிழைத்தும்விட்டார். போன வருஷம் நேர்முகத்துக்குக் கிளம்பிய குன்னூர்ப் பெண்ணிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அண்ணா, எனக்கு ஒரு கடவாய்ப்பல் சொத்தை, அதையும் சொல்லணுமா?" என்றாள். முதலில் அதை அடைத்துவிட்டு வா என்று பல் டாக்டரிடம் அனுப்பிவைத்தேன்.