ஒற்றைத் தட்டுக்கு ஏன் இந்தத் தாமதம்?

குளச்சல் பக்கம் மீன் ஏலக் கணக்குக்காக ஃப்ளட்டரில் (ஆப் செய்ய உதவும் கூகுளின் மென்பொருள் கருவி) சின்ன ஆப் ஒன்று செய்து கொடுத்தேன். மீன் பெயரைத் தட்டினால் பெட்டி எண்ணிக்கை ஒன்று ஏறும். இருமுறை தட்டினால் விலையைத் திருத்தலாம். ஏலக்காரர், "மக்கா, தொட்டா ஒடனே ஏறல்லியே" என்றார்.

போன் பழசு என்றார்கள். போன் மேல் தப்பில்லை. ஒரே விட்ஜெட்டில் (திரையில் தெரியும் ஒரு பகுதி) ஒற்றைத் தட்டுக்கான ஆன்டேப், இரட்டைத் தட்டுக்கான ஆன்டபுள்டேப் இரண்டும் இருந்தால், அடுத்த தட்டு வருமா என்று ஃப்ளட்டர் 300 மில்லிசெகண்ட் காத்திருக்கும். வராவிட்டால்தான் ஒற்றைத் தட்டாக எடுக்கும். ஏலம் சூடுபிடித்து மடமடவென்று இரண்டு பெட்டி போனால் இன்னும் மோசம்: எண்ணிக்கை ஏறாது, விலைத் திருத்தம் திறந்து நிற்கும்!

டபுள்டேப்பைத் தூக்கிவிட்டு, விலைத் திருத்தத்தை நீண்ட அழுத்தத்துக்கான ஆன்லாங்பிரஸ்ஸுக்கு மாற்றினேன். அதற்கு அரை வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆனால் சாதாரணத் தட்டு, விரலை எடுத்ததுமே பதிவாகிவிடுகிறது. ஈரக் கைக்கு மட்டும் கோடிங்கில் மருந்தில்லை, அதற்குத் துவர்த்து, அதாவது துண்டுதான்.

அப்புறம், மீன் பெயர் வரியின் வெற்றிடத்தில் தட்டினால் ஒன்றும் நடக்காமல் இருந்தது. தட்டுகளைக் கவனிக்கும் விட்ஜெட்டான ஜெஸ்சர்டிடெக்டரில், பிஹேவியர் என்ற அமைப்பை ஹிட்டெஸ்ட்பிஹேவியர்.ஒபேக் (வெற்றிடத்தில் விழும் தட்டையும் ஏற்கும்) ஆக்கியதும் அதுவும் சரி.